தொப்பூர் கணவாய்: எல்லா வழியும் ஏன் இங்கேயே இறங்குகிறது?

(காட்சி: மேலிருந்து கணவாய். வரிசையாக இறங்கும் லாரிகள்.)

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலமோ 300 மீட்டருக்கும் கீழே. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி என்று படிப்படியாக இறங்கி வரும் சாலைக்கு, தருமபுரியைத் தாண்டியதும் மலை குறுக்கே நிற்கிறது. அதில் வழி திறந்து வைத்திருப்பது ஓர் ஆறு.

சேர்வராயன் மலையில் பிறந்து மேட்டூர் நீர்த்தேக்கத்தில் கலக்கும் தொப்பையாறு, பஸ்ஸில் போகிறவர் கவனிக்காமலே கடந்துவிடும் அளவுக்குச் சிறியது. ஆனால் அது அறுத்த பள்ளத்தாக்கை விட்டால் பக்கத்தில் வசதியான வழி இல்லை. 1790 நவம்பரில் திப்பு சுல்தானின் படை இந்தக் கணவாய் வழியாகத்தான் தெற்கே நழுவியது. துரத்தி வந்த ஆங்கிலேய ஜெனரல் மெடோஸால் மறிக்க முடியவில்லை.

(காட்சி: மைல்கல். குழிகள் அண்மையில்.)

இந்த வட்டாரத்தின் வழிப்போக்கு அதைவிட மிகப் பழையது. தருமபுரிப் பகுதியில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டு மைல்கல் ஒன்றில் 'அதியமான் பெருவழி' என்ற பெயரும், நாவற்தாவளத்துக்கு 29 காதம் என்ற தொலைவும் வெட்டப்பட்டிருக்கின்றன. கூடவே 2 பெரிய குழிகள், 9 சிறிய குழிகள். பெரியது பத்து, சிறியது ஒன்று. எழுத்தறியாத வணிகனும் இருட்டில் விரலால் தடவி எண்ணிக்கொள்ளலாம். இன்றைய பெயர்ப்பலகைகளில் இந்தக் கரிசனம் கிடையாது! அந்தப் பெருவழி இதே கணவாயில் இறங்கியதாகக் கல் சொல்லவில்லை. தருமபுரி வழியாக நெடுந்தூரப் போக்குவரத்து நடந்ததை மட்டும் உறுதியாகச் சொல்கிறது.

(காட்சி: மலையை ஒட்டிய தண்டவாளம்.)

சேலம்–பெங்களூரு ரயில் பாதையும் இந்த மலையை ஒட்டித்தான் ஏறுகிறது. 2021 நவம்பர் 12 அதிகாலை, தொப்பூருக்கும் சிவாடிக்கும் இடையே, மழையில் சரிந்த பாறைகளால் கண்ணூர்–யஷ்வந்த்பூர் விரைவு ரயில் தடம் புரண்டது. உயிர்ச்சேதம் இல்லை.

சாலைக்கு அந்த அதிர்ஷ்டம் எப்போதும் வாய்ப்பதில்லை. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி வருகிறவருக்குத் தொடர் இறக்கம். டீசலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விட்டால், பாரம் முழுவதையும் பிரேக் மட்டுமே தாங்க வேண்டும். அது சூடேறிப் பிடிப்பை இழக்கும்போது முன்னால் வளைவு வந்திருக்கும். மிச்சமாகும் டீசலுக்கு இது மிக அதிக விலை. கியரில் இருந்தால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பாளையம் சுங்கச்சாவடியைத் தாண்டியதும் கியரைக் குறைத்துவிடுங்கள். இரட்டைப் பாலத்தைக் கடக்கும்வரை அதை மாற்ற வேண்டாம்.