துடைப்பம் கைக்கு வந்த பிறகு: ஜப்பான் பள்ளியில் என் ஏழு மாதம்

வணக்கம் மக்களே. ஒரு நிமிஷம், கேமராவைச் சரியாக நிறுத்திக்கொள்கிறேன். சரி.

முதலில் இதைப் பாருங்கள். கிட்டே கொண்டு வருகிறேன். வெள்ளைத் துணி ஷூ, முனையில் பச்சை ரப்பர், மேலே ஒரு எலாஸ்டிக் பட்டை. குதிகால் பக்கம் கறுப்பு மார்க்கரில் கட்டகானா எழுத்தில் என் பெயர். என் பெயரில் ஒரு ழகரம் உண்டு. ஜப்பானிய மொழியில் ழ, ள, ல எதுவும் கிடையாது, எல்லாம் ஒரே 'ரு'தான். ஏழு மாதம் அந்த 'ரு' போட்ட பெயரோடு வாழ்ந்தேன். இன்றும் யாராவது அப்படிக் கூப்பிட்டால் சட்டென்று திரும்பிவிடுவேன்.

இந்த ஷூவுக்குப் பெயர் உவாபாகி. பள்ளிக்கூடத்துக்குள் மட்டும் போடுவது. வாசலில் நுழைந்ததும் வரிசையாக மர அலமாரி இருக்கும், ஆளுக்கு ஒரு அறை. தெருவில் போட்டு வந்த ஷூவை அதில் வைத்துவிட்டு, இதை மாட்டிக்கொண்டுதான் உள்ளே காலெடுத்து வைக்க வேண்டும். நான் படித்த பள்ளியில் இந்த ரப்பரின் நிறத்தைப் பார்த்தே யார் எந்த வருஷம் என்று தெரிந்துவிடும். அந்த வருஷம் பச்சை என்றால் முதலாம் ஆண்டு. நம் பத்தாம் வகுப்புக்குச் சமம். அங்கே கட்டாயக் கல்வி 9 வருஷம்தான், உயர்நிலைப் பள்ளி 3 வருஷம் தனி. நுழைவுத் தேர்வு எழுதித்தான் சேர வேண்டும்.

நான் போனது ஆசிய நாட்டு மாணவர்களுக்காக ஜப்பான் கல்வி அமைச்சகம் 2018-ல் தொடங்கிய காகேஹாஷி திட்டத்தில். காகேஹாஷி என்றால் பாலம். ஆகஸ்ட் கடைசியில் போய் மார்ச்சில் திரும்பினேன். தங்கியது நாகானோவில், மாட்சுமோட்டோ என்கிற ஊரில். சுற்றிலும் மலை, ஊருக்கு நடுவில் கறுப்பு நிறத்தில் ஒரு கோட்டை. ஜப்பானில் தேசியப் பொக்கிஷம் என்று அறிவித்திருக்கும் 5 கோட்டைகளில் அது ஒன்று. தினமும் காலையில் அந்த அகழியை ஒட்டித்தான் சைக்கிளில் போவேன். தண்ணீரில் கோட்டை தலைகீழாகத் தெரியும். அதற்குப் பின்னால் அக்டோபர் கடைசியிலேயே மலை உச்சியில் வெள்ளை படிய ஆரம்பிக்கும். எத்தனை நாள் பார்த்தாலும் ஒரு நொடி மிதிப்பதை நிறுத்திவிட்டுப் பார்ப்பேன்.

வீட்டை விட்டுக் கிளம்பும்போது வாசலில் நின்று 'இத்தே கிமாஸ்' என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் யாரும் கிளம்ப மாட்டார்கள். இத்தே என்றால் போய், கிமாஸ் என்றால் வருகிறேன். போய் வருகிறேன்! அப்படியே நம் 'போயிட்டு வர்றேன்'. உள்ளே இருந்து ஒகாசான், நான் தங்கிய வீட்டு அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவேன், 'இத்தேராஷ்ஷாய்' என்று பதில் கொடுப்பார். போயிட்டு வா. முதல் நாள் அதன் அர்த்தம் புரிந்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அம்மா வாசல் வரை வந்து சொல்கிற மாதிரியே இருந்தது.

சரி, பள்ளிக்கூடத்துக்கு வருவோம். 50 நிமிஷ வகுப்பு, ஒரு நாளைக்கு 6. ஆசிரியர்கள்தான் மாறி மாறி வருவார்கள், நாம் அதே இடத்தில் இருப்போம். ஒவ்வொரு வகுப்பின் தொடக்கத்திலும் ஒரு மாணவர் குரல் கொடுப்பார்: கிரிட்சு, எழுந்திரு. ரெய், வணங்கு. சகுசெகி, உட்கார். 40 நாற்காலி ஒரே நேரத்தில் நகரும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கணக்கு வகுப்பில் மட்டும் எனக்கு மூச்சு விட முடிந்தது, ஏனென்றால் குறியீடு எல்லாம் ஒன்றுதான். ஒரு விஷயம், போகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்: அங்கே விடைத்தாளில் டிக் போட்டிருந்தால் தப்பு என்று அர்த்தம். சரி என்றால் சிவப்பு வட்டம். இதை யாரும் முன்கூட்டிச் சொல்லித் தர மாட்டார்கள், அவர்களுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே தோன்றாது.

இப்போது நான் இந்த வீடியோ எடுத்ததற்கான காரணத்தைச் சொல்கிறேன்.

முதல் மூன்று வாரம் எல்லாரும் என்னிடம் அவ்வளவு அன்பாக இருந்தார்கள். புத்தகத்தில் பக்கத்தைத் திருப்பிக் காட்டுவார்கள், கதவைத் திறந்து விடுவார்கள். ஆறாவது வகுப்பு முடிந்ததும் சோஜி, அதாவது சுத்தம் செய்யும் நேரம். 15 நிமிஷம். மாணவர்களே வகுப்பு, நடைபாதை, படிக்கட்டு, கழிவறை எல்லாவற்றையும் சுத்தம் செய்வார்கள். அந்த நேரத்தில் எனக்கு மட்டும் 'நீங்கள் உட்காருங்கள், பரவாயில்லை' என்று ஒரு நாற்காலியை ஜன்னலோரம் போட்டுக் கொடுத்தார்கள். 40 பேரும் குனிந்து பெருக்குகிறார்கள், நான் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்த 15 நிமிஷம்தான் ஒரு நாளிலேயே எனக்கு நீளமான நேரம். யாரும் என்னை ஒதுக்கவில்லை. ஆனால் நான் அந்த வகுப்பில் இல்லை. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்களே, எனக்கு விருந்து மூன்று வாரமாகப் போய்க்கொண்டிருந்தது.

கரும்பலகைக்குப் பக்கத்தில் வேலைப் பட்டியல் ஒட்டியிருக்கும். எல்லார் பெயரும் உண்டு, என் பெயர் இல்லை. ஒரு நாள் இரவு ஒகாசானிடம் இதைச் சொன்னேன். அவர் ஒரு தாளில் ஒரு வரி எழுதிக் கொடுத்து, நாளைக்கு வகுப்பாசிரியரிடம் போய் இதைச் சொல் என்றார். 'வதாஷிமோ யத்தே மிதாய் தெசு.' அதைப் பிரித்துச் சொல்கிறேன், கேளுங்கள். வதாஷி, நான். மோ, நம் 'உம்'. யத்தே, செய்து. மிதாய், பார்க்க ஆசை. நானும் செய்து பார்க்க ஆசைப்படுகிறேன்! நாம் 'செய்து பார்', 'சாப்பிட்டுப் பார்' என்று சொல்கிறோமே, கண்ணால் பார்ப்பதற்குச் சம்பந்தமே இல்லாமல், முயற்சி பண்ணு என்கிற அர்த்தத்தில். அவர்களும் அதே 'பார்' என்கிற வினையைத்தான் போடுகிறார்கள். நம் 'என்று' போலவே அவர்களுக்கு 'தோ' என்று ஒன்று இருக்கிறது. வினைச்சொல் கடைசியில் வரும். கேள்வி கேட்க நாம் 'ஆ' சேர்க்கிற இடத்தில் அவர்கள் 'கா' சேர்ப்பார்கள். தமிழ் தெரிந்தவர்களுக்கு ஜப்பானிய இலக்கணத்தில் பாதி வழி ஏற்கெனவே கடந்த மாதிரிதான், நம்பிக் கற்றுக்கொள்ளுங்கள். கஷ்டமெல்லாம் எழுத்தில்தான்.

மறுநாள் ஆசிரியரிடம் போய் அந்த வரியைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. பட்டியலின் அடியில் என் பெயரைப் பேனாவால் எழுதினார். அன்று சாயங்காலமே என் கையில் ஒரு ஸோகின் வந்துவிட்டது. ஸோகின் என்றால் துடைக்கிற துணி, பழைய துண்டை மடித்துத் தைத்தது. நாற்காலிகளைக் கவிழ்த்து மேஜை மேல் ஏற்றி, எல்லாவற்றையும் பின்னால் தள்ளிவிட்டு முன் பாதியைப் பெருக்கித் துடைப்போம். பிறகு முன்னால் தள்ளிவிட்டுப் பின் பாதி. நான் துணியைப் பிழிந்த விதத்தைப் பார்த்து, அதுவரை என்னிடம் பேசாத ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, இப்படிக் கையை நெடுக்காகப் பிடித்து முறுக்கிக் காட்டினாள். நானும் அப்படியே முறுக்கினேன், தண்ணீர் கொட்டியது. அவள் சிரித்தாள். அன்றுதான் முதல் தடவையாக யாரோ என்னிடம் மரியாதை விகுதி போடாமல் பேசினார்கள். அவள்தான் பிறகு என் நெருங்கிய தோழி.

அடுத்தது நிச்சோக்கு. தினம் ஒருவருக்கோ இருவருக்கோ வரும் முறை. கரும்பலகையின் வலது ஓரத்தில் தேதி, அதற்குக் கீழே அன்றைய நிச்சோக்குவின் பெயர். ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் பலகையை அழிக்க வேண்டும். டஸ்டரில் இருக்கும் சாக்பீஸ் தூளை உறிஞ்ச ஒரு சின்ன மெஷின் உண்டு, பெரிய இரைச்சல் போடும். கடைசியில் வகுப்பு நாட்குறிப்பு எழுத வேண்டும்: வானிலை, வராதவர்கள், எந்த வகுப்பில் என்ன நடந்தது, இன்றைய எண்ணம். முதல் தடவை எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. நான்கு வரிதான். மறுநாள் நோட்டில் சிவப்பு மையில் ஆசிரியரின் பதில். நான் தப்பாக எழுதியிருந்த ஒரு எழுத்தைத் திருத்தி, கோடு எந்த வரிசையில் போட வேண்டும் என்று எண் போட்டுக் காட்டியிருந்தார். மற்றவர்களுக்குத் திருத்துவது போலவே. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் விட மாட்டீர்கள். உயர்நிலைப் பள்ளியில் பெரும்பாலும் மதிய உணவு தர மாட்டார்கள், வீட்டிலிருந்து பெந்தோ டப்பா. நான் மீன், இறைச்சி சாப்பிட மாட்டேன். அங்கே சைவத்துக்குத் தடை தட்டில் கண்ணுக்குத் தெரியாது, அது தாஷியில் இருக்கிறது. நம் ரசத்துக்குப் பருப்புத் தண்ணீர் மாதிரி, அவர்கள் சமையலுக்கு அடிப்படை அந்தக் கொதிநீர். வழக்கமாகக் காய்ந்த மீன் சீவல் போட்டு எடுப்பது. ஒகாசான் எனக்காக கொம்பு என்கிற கடற்பாசியையும் உலர்ந்த ஷிதாகே காளானையும் முந்தின இரவே தண்ணீரில் ஊற வைப்பார். ஃபிரிட்ஜில் அந்தப் பாட்டிலின் மேல் என் பெயர் எழுதிய ஸ்டிக்கர் இருக்கும். உமேபோஷி என்கிற உப்பில் ஊறிய பழம் வைத்த சோற்று உருண்டை தருவார், உப்பும் புளிப்புமாக நம் நார்த்தங்காய் ஊறுகாயை ஞாபகப்படுத்தும்.

அப்புறம் புகாட்சு, அதாவது மாலை நேரக் குழு. நான் சேர்ந்தது கியூதோ, ஜப்பானிய வில்வித்தை. இங்கே கொஞ்சம் அதிகமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த வில் 2 மீட்டருக்கு மேல், 221 சென்டிமீட்டர். பிடி நடுவில் இருக்காது, கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இருக்கும். இலக்கு 28 மீட்டர் தள்ளி, வட்டத்தின் அகலம் 36 சென்டிமீட்டர். அதைப் பார்த்ததும் கை துறுதுறுவென்று இருந்தது. ஆனால் முதலில் என் கையில் கொடுத்தது ஒரு சின்னக் கட்டையில் கட்டிய ரப்பர். கோமுயுமி. கால் அகற்றி நிற்பதில் தொடங்கி, அம்பு போன பிறகும் அப்படியே அசையாமல் நிற்பது வரை 8 நிலைகள். மூன்று வாரம் ரப்பர் மட்டும். பிறகு அம்பில்லாத வில். பிறகு இரண்டு மீட்டர் தள்ளி ஒரு வைக்கோல் உருளை, மகிவாரா. அதில் எத்தனை அம்பு விட்டேன் என்று கணக்கே இல்லை.

அந்த மாதங்களில் என் வேலை யாதோரி, அம்பு பொறுக்குவது. சீனியர்களை செம்பாய் என்போம். அவர்கள் அம்பு விட்டு முடித்ததும், ஓரப் பாதையில் ஓடிப் போய் நிற்க வேண்டும். கையைத் தட்டி, உள்ளே வருகிறோம் என்று சத்தம் கொடுத்து, அந்தப் பக்கமிருந்து பதில் வந்த பிறகுதான் மண்மேட்டில் காலை வைக்கலாம். ஒரு கையால் இலக்கை அழுத்திக்கொண்டு அம்பை நேராக உருவ வேண்டும். முனையில் ஒட்டிய மண்ணைத் துணியால் துடைத்துத் திருப்பித் தர வேண்டும். அம்பு எங்கே குத்தியிருக்கிறது என்பதைப் பார்த்தே யார் எப்படி விட்டார்கள் என்று தெரிய ஆரம்பித்தது. அதுவும் பாடம்தான்.

ஜனவரியில் என்னை இலக்குக்கு முன்னால் நிறுத்தினார்கள். வில்கூடத்தின் ஒரு பக்கம் முழுக்கத் திறந்த வெளி. மாட்சுமோட்டோ 600 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர், அன்று வெளியே பூஜ்யத்துக்குக் கீழே. மரத்தரையில் மெல்லிய வெள்ளைக் காலுறையோடு நிற்கிறேன், பாதம் மரத்துப் போய்விட்டது. ஏழு அம்பும் மண்ணில். எட்டாவது 'பட்' என்று ஒரு சத்தம், காகிதம் கிழிகிற சத்தம். பின்னால் இருந்து எல்லாரும் ஒரே குரலில் 'யோஷி!' என்றார்கள். திரும்பக் கூடாது, அப்படியே நிற்க வேண்டும். நின்றேன். அன்று என் அம்பை ஓடிப் போய் எடுத்து வந்து, மண் துடைத்துக் கொடுத்தது ஒரு செம்பாய்.

இந்த வருஷம் போகிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அவர்கள் அன்பினால்தான் 'உட்காருங்கள்' என்பார்கள். உட்காராதீர்கள். முதல் வாரமே பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் போய்க் கேளுங்கள், வரி உங்களுக்கு இப்போது தெரியும். அப்புறம், கால் அளவைச் சென்டிமீட்டரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அங்கே ஷூ அளவு சென்டிமீட்டரில்தான்.

மார்ச்சில் கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது என் கடைசி நிச்சோக்கு வந்தது. வானிலை என்ற இடத்தில் பனி என்று எழுதினேன். வராதவர்கள், யாரும் இல்லை. எண்ணம் என்ற இடத்தில் வெகு நேரம் யோசித்துவிட்டு, தமிழில் 'போயிட்டு வர்றேன்' என்று எழுதி, பக்கத்தில் ஹிராகானா என்கிற ஜப்பானிய எழுத்தில் 'இத்தே கிமாஸ்' என்று எழுதினேன். மறுநாள் நோட்டைத் திறந்து பார்த்தேன். ஆசிரியர் ஜப்பானிய வரியைத் தொடவில்லை. தமிழ் எழுத்துகளைச் சிவப்பு மையில் ஒவ்வொன்றாகப் பார்த்து ஒரு தடவை எழுதிப் பார்த்திருந்தார், கோணல்மாணலாக. அதற்குக் கீழே 'இத்தேராஷ்ஷாய்', பக்கத்தில் அவருடைய முத்திரை.