எவா ஓடிய மூன்று ஆண்டுகள்

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

போலந்து நாட்டின் ஓட்ட வீராங்கனை எவா குவோபுகோஃப்ஸ்காவைப் பற்றி இன்று உங்களோடு பேசப் போகிறேன். அவரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் 1967-இல் நடந்த ஒரு மருத்துவப் பரிசோதனையில்தான் தொடங்குகிறார்கள். அந்தப் பெண் எப்படி ஓடினார் என்பதைச் சொல்ல அவர்களுக்கு இடமே இருப்பதில்லை. நான் ஓட்டத்திலிருந்து தொடங்குகிறேன்.

எவா 1946 அக்டோபர் 1-ஆம் தேதி வார்சாவில் பிறந்தார். போர் முடிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. நகரத்தின் பெரும்பகுதி இடிந்து கிடந்தது. அப்படிப்பட்ட நாடு பத்தே ஆண்டுகளில் தடகளத்தில் ஐரோப்பாவின் முன்வரிசைக்கு வந்துவிட்டது. யான் முலாக் என்ற பயிற்சியாளரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் அந்தத் தலைமுறையை 'அதிசய அணி' என்று இன்றும் போலந்தில் பெருமையோடு நினைவுகூர்கிறார்கள். எவா அந்த அலையின் கடைசிக் கட்டத்தில் வந்த சிறுமி. அவரோடு இன்னொரு சிறுமியும் வந்தார், இரேனா கிர்ஷென்ஸ்டைன். இருவரும் வார்சாவில் வளர்ந்தவர்கள், இருவருக்கும் ஒரே வயது. 1964 செப்டம்பரில் வார்சாவில் நடந்த ஐரோப்பிய இளையோர் போட்டியில் 100 மீட்டரை எவா வென்றார், 200 மீட்டரை இரேனா வென்றார்.

அடுத்த மாதமே டோக்கியோ ஒலிம்பிக்ஸ். எவாவுக்கு 18 வயது நிறைந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அக்டோபர் 16-ஆம் தேதி 100 மீட்டர் இறுதிப் போட்டி. அமெரிக்காவின் வயோமியா டையஸ் 11.4 விநாடியில் தங்கம் வென்றார். இரண்டாவதாக வந்த எடித் மெக்வயருக்கும் 11.6, மூன்றாவதாக வந்த எவாவுக்கும் 11.6. கடிகாரம் இருவருக்கும் ஒரே எண்ணைக் காட்டியது. வெள்ளி அமெரிக்கப் பெண்ணுக்கு, வெண்கலம் எவாவுக்கு.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நாள் கழித்து 4x100 மீட்டர் தொடர் ஓட்டத்தில் இந்த இருவரும் மறுபடி எதிரெதிரே வந்தார்கள். அமெரிக்க அணியின் கடைசி ஓட்டக்காரர் மெக்வயர். அதற்குள் 200 மீட்டரில் தங்கமும் வென்றிருந்தார். போலந்தின் கடைசி ஓட்டக்காரர் எவா.

போலந்து அணியின் மற்ற மூவரையும் பார்க்க வேண்டும். முதலில் ஓடிய தெரேசா சியெப்வியும் மூன்றாவதாக ஓடிய ஹலினா குரெட்ஸ்காவும் 1960 ரோம் ஒலிம்பிக்கில் இதே ஓட்டத்தில் வெண்கலம் வாங்கிய மூத்தவர்கள். இரண்டாவதாக ஓடியவர் இரேனா. அனுபவம், இளமை, அனுபவம், இளமை என்று மாற்றி மாற்றி அடுக்கிய அணி அது. தொடர் ஓட்டத்தில் கால் வேகம் மட்டும் போதாது. குச்சியைக் கொடுப்பவர் வேகம் குறையாமல் வர வேண்டும், வாங்குபவர் திரும்பிப் பார்க்காமல் கையை நீட்ட வேண்டும். தனி ஓட்டங்களில் அமெரிக்கப் பெண்களைப் பிடிக்க முடியாத போலந்து, நான்கு பேராகச் சேர்ந்தபோது அவர்களை முந்தியது. போலந்து 43.6 விநாடி, உலக சாதனை. அமெரிக்கா 43.9. ஐந்து நாளுக்கு முன் தன்னை முந்திய அதே பெண்ணுக்கு முன்னால், பதினெட்டு வயது எவா கோட்டைத் தாண்டினார். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அடுத்த ஆண்டு, 1965 ஜூலை 9, பிராக் நகரம். பெண்கள் 100 மீட்டரில் அதுவரை இருந்த உலக சாதனை 11.2 விநாடி. 1961-இல் வில்மா ருடால்ஃப் ஓடியது, டோக்கியோவில் டையஸ் சமன் செய்தது. பிராக்கில் எவா 11.1 ஓடினார். அதே நாளில் இரேனாவும் 11.1. ஒரே ஊரில் வளர்ந்த இரண்டு பெண்கள் ஒரே நாளில் உலகின் மிக வேகமான பெண்களானார்கள். 1966-இல் புடாபெஸ்ட் ஐரோப்பியப் போட்டியில் 100 மீட்டரில் எவா தங்கம், இரேனா வெள்ளி. 200 மீட்டரில் இரேனா தங்கம், எவா வெள்ளி. தொடர் ஓட்டத்தில் சேர்ந்தே தங்கம்.

அந்தப் புடாபெஸ்ட் போட்டியில்தான், பெண்கள் பிரிவில் ஓட வந்தவர்களை ஆடை களையச் சொல்லி, பெண்கள்தானா என்று மருத்துவர் குழு பார்த்து அனுப்பியது. இளம்பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய அவமானம்! எவா அதையும் கடந்துதான் ஓடினார். மறு ஆண்டு செப்டம்பரில், கீவ் நகரில் ஐரோப்பியக் கோப்பை. இம்முறை குரோமோசோம் சோதனை, அதாவது உடலின் செல்களில் பெண்ணுக்குரிய குரோமோசோம்கள்தான் இருக்கின்றனவா என்று பார்க்கும் சோதனை. எவா அதில் தேறவில்லை என்று அறிவித்தார்கள். அவர் ஏமாற்றியதாக யாரும் நிரூபிக்கவில்லை. மருந்து எதுவும் எடுக்கவில்லை. பிறக்கும்போதே உடலில் இருந்த ஒன்று, அவருக்கே தெரியாத ஒன்று, உலகம் முழுக்கச் செய்தியானது. அப்போது அவருக்கு 21 வயதுகூட நிறையவில்லை. ஓட்டம் அத்தோடு முடிந்தது.

பத்து வருடம் ஓட வேண்டியவர் மூன்றே ஆண்டுகளில் நின்றுபோனார். இரேனா தொடர்ந்து ஓடி, திருமணத்துக்குப் பின் இரேனா ஷெவின்ஸ்காவாக, ஐந்து ஒலிம்பிக் போட்டிகளில் ஏழு பதக்கங்களோடு நிறைவு செய்தார். எவாவும் அவ்வளவு வென்றிருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வாய்ப்பு அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்கிறேன்.

தமிழ்நாட்டு நேயர்களுக்கு இது தூரத்துக் கதை அல்ல. புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜன் 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வென்ற வெள்ளியை இதே போன்ற ஒரு சோதனைக்குப் பின் பறித்தார்கள். எவாவின் ஒலிம்பிக் பதக்கங்கள் அவரிடமே இருக்கின்றன. சாந்திக்கு அதுவும் இல்லை.

எல்லாப் பெண்களுக்கும் கட்டாயமாக இருந்த குரோமோசோம் சோதனையை சர்வதேச ஒலிம்பிக் குழு 1999-இல் நிறுத்தியது. ஆனால் 2025 செப்டம்பர் முதல் உலகத் தடகள அமைப்பு பெண்கள் பிரிவுக்கு மரபணுச் சோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அது முதலில் நடைமுறைக்கு வந்த உலகப் போட்டி நடந்த நகரம், டோக்கியோ. பெண்கள் பிரிவுக்கு விதி வேண்டும் என்பவர்களின் கவலையை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் எந்த விதியாக இருந்தாலும், அதன் முடிவு ஒரு பெண்ணின் அறைக்குள் மருத்துவர் சொல்லும் செய்தியாக இருக்க வேண்டும். பத்திரிகைத் தலைப்பாக இருக்கக் கூடாது.

இன்னொன்றும் கேட்கிறேன். அந்தச் சோதனைக்குப் பின் எவாவின் உலக சாதனைகளைப் பட்டியலிலிருந்து நீக்கியபோது, டோக்கியோ தொடர் ஓட்டத்தின் அந்த 43.6-உம் போனது. தெரேசா, ஹலினா, இரேனா மூவரின் சாதனையும் அதோடு சேர்ந்து போனது. இன்று சாதனை வரலாற்றைப் புரட்டினால், 1964 அக்டோபர் 21-க்கு நேரே இருப்பது அமெரிக்காவின் 43.9. தங்கம் போலந்திடம், சாதனை இரண்டாவது வந்த அணியிடம். தங்கம் செல்லும் என்றால் அதே ஓட்டத்தின் நேரமும் செல்ல வேண்டும். அந்த வரியில் நான்கு பெயர்களையும் திரும்ப எழுதுவது உலகத் தடகள அமைப்பின் கையில்தான் இருக்கிறது.

வணக்கம்.