சிவஞான போதம் கேட்கும் காரணம்

நேயர்களுக்கு வணக்கம்.

இறைநம்பிக்கையில் காரணம் கேட்கக் கூடாது என்ற எண்ணம் நம்பாதவர்களிடம் மட்டுமல்ல, நம்புகிறவர்களிடமும் பரவலாக இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் வாழ்ந்த மெய்கண்டார் இதை ஏற்றிருக்க மாட்டார். அவர் அருளிய சைவ சித்தாந்த நூலான சிவஞான போதம் 12 சூத்திரங்களும் 40 அடிகளுமே கொண்ட சிறுநூல். ஆயினும் அதன் வார்த்திகம், அதாவது சூத்திரங்களின் விளக்கப் பகுதி, ஒவ்வொரு கருத்தையும் மேற்கோள் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), எடுத்துக்காட்டு என நிறுத்தி நிறுவுகிறது. கடவுள் உண்டு என்பதும் அங்கே நிறுவப்பட வேண்டிய ஒரு மேற்கோளே.

உடம்புக்கு வேறாக உயிர் உண்டா என்று ஆராய்வது மூன்றாம் சூத்திரம். 'உளது இலது என்றலின்' என்று அது தொடங்குகிறது. உடம்பையும் பொறிகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, இது உயிரன்று, இதுவும் அன்று என்று கழித்து, முடிவில் உயிர் என ஒன்று இல்லவே இல்லை என்று சொல்லும் அறிவு எஞ்சி நிற்கிறதே, அந்த அறிவுதான் உயிர் என்கிறார். 'எனது உடல் என்றலின்' என்பது அடுத்த ஏது. இது சற்று வலுக்குறைந்தது என்றே எனக்குப் படுகிறது. 'என் உயிர்' என்றும்தானே பேசுகிறோம். ஆனால் அவர் அதை மட்டும் நம்பி நிற்கவில்லை. உறக்கத்தில் மூச்சு ஓடிக்கொண்டிருந்தும் நுகர்ச்சியும் செயலும் இல்லாமையால் மூச்சும் உயிரன்று என்று மேலும் ஏதுக்களை அடுக்குகிறார்.

அவருடைய மாணவர் அருள்நந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் நூலில் பிற மதங்களை ஆராயும் பகுதியான பரபக்கத்தில் கடவுளை மறுக்கும் உலகாயதனுக்கே முதலிடம் தந்து, அவன் மதத்தை முழுதாகச் சொல்ல விட்டு, பிறகே மறுக்கிறார். பத்து என எண்ணப்பட்ட அளவைகளை, அதாவது அறியும் வழிகளை, காண்டல் (நேரில் அறிதல்), கருதல் (ஊகித்து அறிதல்), உரை என்ற மூன்றில் அடக்கியதும் அவரே. உரை என்பது ஆகமச் சொல். நம்பிக்கைக்கு அங்கே முறையான ஓர் இடம் கிடைக்கிறது, ஆனால் மூன்றில் ஒன்றாகத்தான்.

இந்த அறிவு எதுவரை செல்லும்? ஆறாம் சூத்திரம் அதையும் வாதமாகவே வைக்கிறது. சுட்டி அறியப்படும் பொருளெல்லாம் மாறி அழிவது. எவ்வகையாலும் அறியப்படாதது இல்பொருள். இறைவன் இவ்விரண்டும் அல்லாத சிவசத்து, அதாவது மாறாத மெய்ப்பொருள். இது வாதத்திலிருந்து நழுவும் வழி என்று ஐயவாதி சொல்லலாம், அந்த மறுப்பு நியாயமானதே. இருப்பினும் எல்லை எங்கே விழுகிறது, ஏன் விழுகிறது என்று மெய்கண்டார் வெளிப்படையாகக் காட்டிவிட்டு, ஒன்பதாம் சூத்திரத்தில்தான் ஊனக்கண் உணராத பதியை, அதாவது இறைவனை, ஞானக்கண்ணால் நாடச் சொல்கிறார்.

அன்பு என்ற சொல் பதினோராம் சூத்திரம்வரை இந்நூலின் சூத்திரங்களில் வருவதில்லை. 'அயரா அன்பின் அரன்கழல் செலுமே' என்று அது வரும்போதும், காணும் கண்ணுக்கு உயிர் காட்டுவதுபோல உயிருக்கு இறைவன் கண்டு காட்டுவதால் என்ற ஏது அதற்கு முன்னால் நிற்கிறது.