64 சதவீதத்தில் நின்ற லேப்டாப்

நேயர்களுக்கு வணக்கம். சாத்தூரில் 18 வருடமாகச் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வாரம் ஒருவராவது வந்து ஒரே வசனத்தைச் சொல்வார். "அண்ணே, ஸ்லோவா இருக்குன்னு ரீசெட் போட்டேன், அதோட போச்சு." அந்த "அதோட போச்சு" பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். ரீசெட் என்றால் விண்டோஸைப் புதிதாகப் போட்டுக்கொள்ள விண்டோஸிலேயே இருக்கிற வசதி.

ஆவணி முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்த சமயம். எங்கள் பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் வீட்டிலேயே டிடிபி வேலை பார்க்கிறவர், கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, கண்ணீர் அஞ்சலி என்று எல்லாம் அடித்துக் கொடுத்து, அச்சுக்குச் சிவகாசிக்கு அனுப்புவார். ஒரு நாள் காலையில் நான் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து நின்றார். முந்தின நாள் சாயங்காலம் விண்டோஸ் திணறுகிறது என்று ரீசெட் கொடுத்திருக்கிறார். விவரமானவர்தான், நம் கோப்புகளை அழிக்காமல் வைத்திருக்கிற 'கீப் மை ஃபைல்ஸ்' என்பதைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார். 64 சதவீதத்தில் போய் நின்றது நகரவே இல்லை. ராத்திரி 2 மணிக்குக் கரண்ட் போயிருக்கிறது. பேட்டரியோ செத்து ஒரு வருடம் ஆகிறது, சார்ஜர் சொருகியிருந்தால்தான் அந்த லேப்டாப்புக்கு உயிர். அவ்வளவுதான், காலையில் பார்த்தால் நீலத் திரை.

அதற்கப்புறம் அவர் செய்ததைத்தான் எல்லோரும் செய்கிறார்கள். மறுபடி ரீசெட். அது "முடியவில்லை, எந்த மாற்றமும் செய்யப்படவில்லை" என்றது. திரும்பவும் ரீசெட். மொத்தம் மூன்று தடவை.

"மறுபடி போட்டா சரியாயிரும்னு நெனச்சேன் தம்பி" என்றார்.

ஆகாது. ரீசெட் என்பது வெளியிலிருந்து யாரோ வந்து வீட்டைச் சரிசெய்கிற வேலை இல்லை, பழைய வீட்டின் செங்கல்லையே உருவிப் புது வீடு கட்டுகிற வேலை. 'லோக்கல் ரீஇன்ஸ்டால்' என்று கொடுத்தால் அதே டிஸ்க்கில் இருக்கும் விண்டோஸ் கோப்புகளை வைத்துத்தான் அது புது விண்டோஸை உருவாக்கும். அந்தக் கோப்புகளில் கோளாறு இருந்தால் பத்துத் தடவை போட்டாலும் பத்துத் தடவையும் தோற்கும். இதற்காகவே 2020-ல் 'கிளவுட் டவுன்லோட்' என்று இன்னொரு வழி வந்தது. இணையத்திலிருந்து கிட்டத்தட்ட 4 ஜிபி இறக்கி அதை வைத்துக் கட்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி கிடைக்கிற ரீசார்ஜ் போட்டு, போனில் ஹாட்ஸ்பாட் வைத்து இதைத் தொடங்குகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களை என்ன செய்வது!

இதில் மோசமான விஷயம், ஒவ்வொரு முயற்சியும் டிஸ்க்கில் ஜிபி கணக்கில் எழுதுகிறது. ஹார்ட் டிஸ்க்கில் அழிந்த கோப்பு உடனே மறைந்துவிடாது, அந்த இடம் காலி என்று குறிக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். அதன்மேல் புதிதாக எழுதிவிட்டால்தான் நிஜமாகவே போய்விடும். அதனால் ரீசெட் ஒரு தடவை தோற்றால் பவர் பட்டனை அழுத்தி அணைத்து வைத்துவிடுங்கள். முதலில் நிஜமாகவே நின்றுவிட்டதா என்று மட்டும் பாருங்கள், டிஸ்க் விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தால் உள்ளே வேலை நடக்கிறது, பழைய ஹார்ட் டிஸ்க்கில் சில மணி நேரம்கூட ஆகும். விளக்கும் இல்லை, சதவீதமும் மூன்று மணி நேரமாக அசையவில்லை என்றால் நான் அணைத்துவிடுவேன்.

சில சமயம் நம் லேப்டாப் மேல் குற்றமே இருக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2025 ஆகஸ்ட் 12 அன்று வந்த விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு விண்டோஸ் 10-லும், விண்டோஸ் 11-இன் சில பதிப்புகளிலும் ரீசெட்டே வேலை செய்யவில்லை. மைக்ரோசாஃப்ட் அதை ஒத்துக்கொண்டு 19-ஆம் தேதி தனியாக ஒரு திருத்தம் வெளியிட்டது. அதே வருடம் அக்டோபர் 14 அப்டேட்டில் இன்னொரு கூத்து, விண்டோஸுக்குள் ஒழுங்காக வேலை செய்த யுஎஸ்பி கீபோர்டும் மவுசும், விண்டோஸ் ஓடாதபோது சரிசெய்வதற்கான ரெகவரி திரைக்குப் போனதும் செத்துவிட்டன. கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே நடக்கக் காலை மட்டும் கட்டிப் போட்ட மாதிரி. அதற்கு 20-ஆம் தேதி திருத்தம் வந்தது.

சரி, அக்கா கதைக்கு வருகிறேன். நான் முதலில் விண்டோஸைத் தொடவே இல்லை. விண்டோஸுக்குப் பதிலாக ஓட்டக்கூடிய இலவச இயங்குதளமான உபுண்டு லினக்ஸ் போட்ட பென் டிரைவ் ஒன்று கடையில் எப்போதும் தயாராக இருக்கும். உங்களிடம் இல்லாவிட்டால் வேறொரு கம்ப்யூட்டரில் 8 ஜிபி பென் டிரைவில் செய்துகொள்ளலாம், செலவில்லை. லேப்டாப்பை ஆன் செய்தவுடன், எதிலிருந்து தொடங்கட்டும் என்று கேட்கிற பூட் மெனுவுக்கான பட்டனைத் தட்ட வேண்டும். டெல்லிலும் லெனோவாவிலும் பெரும்பாலும் எஃப் 12, ஹெச்பியில் எஃப் 9, ஏசஸில் எஸ்கேப். ஒரு தடவை அழுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால் நழுவிவிடும், விடாமல் தட்டுங்கள். உபுண்டுவில் இன்ஸ்டால் செய்யாமல் சும்மா ஓட்டிப் பார்க்க ஒரு வழி உண்டு, அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மாற்றி 'இன்ஸ்டால்' கொடுத்துவிட்டு வந்து என்னிடம் அழக்கூடாது.

உள்ளே போனதும் டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்த்தேன். உபுண்டுவில் 'டிஸ்க்ஸ்' என்று ஒரு கருவி இருக்கிறது, அதில் ஸ்மார்ட் விவரம் என்று, டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்திருக்கிற ஒரு பட்டியல் வரும். செக்டார் என்றால் டிஸ்க்கில் தகவல் எழுதப்படும் சின்னக் கட்டம், படிக்கச் சிரமப்படுகிற கட்டங்களைச் சொல்லும் 'பெண்டிங் செக்டார்' என்ற வரியில் பூஜ்யம் இருக்க வேண்டும். அக்காவுடையதில் மூன்று இலக்கத்தில் ஒரு எண் நின்றது. அப்புறம் காதைக் கீழே வைத்துக் கேட்டால் உள்ளே டிக், டிக் என்று ஒரு சத்தம். விண்டோஸ் ஸ்லோ ஆனதும் இதனால்தான், ரீசெட் 64-ல் நின்றதும் இதனால்தான். படிக்க முடியாத ஒரு இடத்தில் போய் டிஸ்க் திரும்பத் திரும்ப முட்டிக்கொண்டிருந்திருக்கிறது. கரண்ட் போனது கடைசி அடி, அவ்வளவே.

இந்த நிலையில் சிலர், டிஸ்க்கைச் சோதித்துச் சரிசெய்கிற விண்டோஸ் கருவியான செக் டிஸ்க்கை ஓட்டச் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். சாகக் கிடக்கிற டிஸ்க்கை மைதானம் சுற்றி ஓடச் சொல்வது அது. முதலில் கோப்புகளை வெளியே எடுங்கள். அக்காவின் வேலைகள் எல்லாம், ரீசெட் பழைய விண்டோஸை ஒதுக்கி வைக்கிற 'விண்டோஸ் ஓல்ட்' என்ற ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்திருந்தன. ஒரு எக்ஸ்டெர்னல் டிஸ்க்கைச் சொருகி, முக்கியமானதை முதலில் என்று ஒவ்வொரு ஃபோல்டராக இழுத்தேன். ராத்திரி தொடங்கியது, விடிந்தும் ஓடிக்கொண்டிருந்தது.

புது லேப்டாப்காரர்களுக்கு இந்த இடத்தில் ஒரு முட்டுக்கட்டை வரலாம். டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். பிட்லாக்கர் என்கிற விண்டோஸ் பூட்டு அது, திறக்க 48 இலக்க எண் ஒன்று வேண்டும், நான் எந்தப் பூட்டும் போடவில்லையே என்பார்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தபோது அதுவாகவே போட்டிருக்கும். போனில் அதே கணக்கைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் எண் அங்கே இருக்கும். அந்த எண் இல்லையென்றால் எந்தக் கடைக்காரராலும் உள்ளே போக முடியாது, முடியும் என்று பணம் கேட்பவரை நம்பாதீர்கள்.

எல்லாவற்றையும் எடுத்த பிறகு, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் சுழலும் தட்டு இல்லாத 512 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு விண்டோஸைச் சுத்தமாக இன்ஸ்டால் செய்தேன். பழைய லேப்டாப் என்பதால் அது அரை மணி நேர வேலை. ஆனால் இன்டெல் 11-ஆம் தலைமுறையிலிருந்து வந்த லேப்டாப் பலவற்றில் இன்ஸ்டால் செய்யும்போது "டிஸ்க்கே இல்லை" என்று சொல்லும். ஒரு காலேஜ் பையனிடம் வேறொரு கடையில் எஸ்எஸ்டி போய்விட்டது, புதிதாக வாங்கு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எஸ்எஸ்டி நன்றாகத்தான் இருந்தது. விஎம்டி என்று, டிஸ்க்கைக் கையாள இன்டெல் வைத்திருக்கிற ஒரு ஏற்பாட்டுக்குப் பின்னால் அது மறைந்திருக்கும். அந்த லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து இன்டெல் ராபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, பிரித்துப் பென் டிரைவில் போட்டு, 'லோட் டிரைவர்' பட்டனை அழுத்திக் காட்டினால் டிஸ்க் தெரிந்துவிடும். லேப்டாப்பின் அடிப்படை அமைப்புகள் இருக்கிற பயாஸ் திரையில் விஎம்டியை அணைத்தாலும் தெரியும், ஆனால் பழைய விண்டோஸ் வேண்டும் என்றால் அப்படி அணைக்காதீர்கள், அது பூட் ஆகாமல் போய்விடும்.

லைசென்ஸ் சாவி பற்றிக் கவலை வேண்டாம். விண்டோஸோடு விற்ற லேப்டாப்பில் விண்டோஸ் 8 காலத்திலிருந்தே அது மதர்போர்டில் பதிந்திருக்கிறது, அதே எடிஷனைப் போட்டால் தானாக எடுத்துக்கொள்ளும்.

மறுநாள் அக்கா வந்து உட்கார்ந்து, ஒரு பத்திரிகையைத் திறந்தார். முகம் மாறிவிட்டது. மணமகன், மணமகள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கிறது. பாமினி ஃபான்ட் இல்லை! ஆங்கில எழுத்தையே தமிழ் வடிவத்தில் காட்டுகிற ஃபான்ட் அது. பாமினியில் 'அம்மா' என்று அடித்தது ஃபான்ட் போனால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். 'கீப் மை ஃபைல்ஸ்' கொடுத்தாலும் நாம் போட்ட சாஃப்ட்வேரும் ஃபான்ட்டும் அதன் கணக்கில் வராது. நல்லவேளை, விண்டோஸ் ஓல்டுக்குள் இருந்த ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் நான் சேர்த்து இழுத்திருந்தேன். எல்லாம் வந்துவிட்டன, ஒரே ஒரு கோப்பைத் தவிர. மறுநாள் அச்சுக்குப் போக வேண்டிய பத்திரிகை, செத்த செக்டாரில் மாட்டியிருந்தது அதுதான்.

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் போனை எடுத்து வாட்ஸ்அப்பைத் தள்ளிக்கொண்டே போனார். மாப்பிள்ளை வீட்டுக்குப் புரூஃப் பார்க்க அனுப்பிய பிடிஎஃப் அங்கே இருந்தது. பிடிஎஃப்-இல் ஃபான்ட் உள்ளேயே பதிந்திருப்பதால் எழுத்து ஒன்றும் மாறவில்லை. அதையே சிவகாசிக்கு அனுப்பினார்.

இப்போது அவர் லேப்டாப் பையின் ஜிப்பில் மஞ்சள் நூலில் ஒரு பென் டிரைவ் தொங்குகிறது. மேலே வெள்ளை பிளாஸ்திரி ஒட்டிப் பேனாவில் 'ஃபான்ட்' என்று எழுதியிருக்கிறார். கடைப் பக்கம் வந்தால் பையைத் தூக்கி ஆட்டிக் காட்டிவிட்டுத்தான் போவார். வணக்கம்.