போலந்து உணவகத்துல மெனு கார்டு கைக்கு வந்தா என்ன ஆர்டர் பண்றது?

[காட்சி: தடித்த மரமேசை, உத்தரத்தில் தொங்கும் பூண்டுச் சரம்]

கிராக்கோவ், சாகோபானே பக்கம் போனீங்கன்னா 'கார்ச்மா'ன்னு பலகை மாட்டின கடைங்க நிறைய இருக்கும். அந்தக் காலத்து வழிச்சத்திரம் பாணியில கட்டின உணவகம். பல கடைங்கள்ல நீங்க உட்கார்ந்ததுமே, கேட்காமலே ஒரு மரத்தட்டு வந்துடும். ரொட்டி, ஒரு சின்னக் கிண்ணத்துல வெள்ளையா ஏதோ ஒண்ணு, உப்புத்தண்ணியில ஊறின வெள்ளரிக்காய்.

[குளோசப்: ரொட்டியில் தடவும் கத்தி]

வெள்ளையா இருக்கே, வெண்ணெய்னு நினைச்சுடாதீங்க. அது ஸ்மாலெட்ஸ். பன்றிக்கொழுப்பை உருக்கி, உறைய வச்சது. உள்ளே பொரிஞ்ச கொழுப்புத் துண்டும் வெங்காயமும் கிடக்கும். சாப்பிடறவங்க அதை ரொட்டியில தடவி, மேல ஒரு துண்டு வெள்ளரி வச்சுக் கடிக்கணும். கொழுப்பு நாக்குல ஒட்டறதுக்குள்ள வெள்ளரியோட புளிப்பு வந்து கழுவிட்டுப் போயிடும். போலந்து சமையலோட கணக்கே இதுதான்: கனமா ஒண்ணு, அதைத் தூக்கிவிடப் புளிப்பா ஒண்ணு.

புளிப்பு எங்கிருந்து வந்தது? நீளமான குளிர்காலம். தோட்டத்துல ஒண்ணும் விளையாது. அதனால முட்டைகோஸையும் வெள்ளரியையும் உப்புல போட்டு, பீப்பாயில புளிக்க வச்சு வசந்தகாலம் வரைக்கும் ஓட்டினாங்க. வினிகர் ஊத்தற ஊறுகாய் வேற, இது வேற.

[காட்சி: ஆவி பறக்கும் சூப்]

முதல்ல சூப். ஜூரெக்கை விட்டுடாதீங்க. ரைங்கிற தானியத்தோட மாவைத் தண்ணியில கரைச்சு, பூண்டு, பிரிஞ்சி இலை போட்டுச் சில நாள் அப்படியே விட்டுடுவாங்க. நம்ம இட்லி மாவு புளிக்கிற மாதிரிதான் அதுவும் புளிக்கும். அந்தப் புளிச்ச தண்ணியை இறைச்சிச் சாறுல சேர்த்துக் கொதிக்க வச்சு, வெள்ளை சாசேஜ், அவிச்ச முட்டை போட்டுத் தருவாங்க. சில இடத்துல குடைஞ்ச ரொட்டிக்குள்ள ஊத்தி வரும். அது போட்டோவுக்கு நல்லா இருக்கும். சூப் என்னவோ கிண்ணத்துலயும் அதே ருசிதான்.

அடுத்து பிகோஸ். புளிச்ச கோஸ், பச்சைக் கோஸ், பன்றி இறைச்சி, சாசேஜ், காய்ஞ்ச காளான், பல கடையில உலர்ந்த பிளம்ஸ். மணிக்கணக்கா வேகணும். மறுநாள் சூடு பண்ணினதுதான் இன்னும் ருசின்னு போலந்துக்காரங்களே சொல்லுவாங்க, அதனால 'இன்னைக்குச் செஞ்சதா?'ன்னு கேட்டு மானத்தை வாங்கிக்காதீங்க. கோட்லெட் ஸ்ஹபோவி பத்திப் பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல: தட்டி, ரொட்டித்தூள்ல புரட்டிப் பொரிச்ச பன்றித்துண்டு, கூட உருளைக்கிழங்கு.

[காட்சி: பியெரோகி தட்டு]

சைவம்னா பியெரோகி ரூஸ்கியெ. உருளைக்கிழங்கு, பாலாடைக்கட்டி, வதக்கின வெங்காயம் உள்ளே வச்ச கொழுக்கட்டை. உள்ளே சைவம், ஆனா மேல பொரிச்ச கொழுப்புத் துண்டைத் தூவிக் கொண்டுவந்துடுவாங்க. ஆர்டர் பண்ணும்போதே 'பெஸ் ஸ்க்வாரெக்'னு சொல்லிடுங்க, கொழுப்புத்துண்டு இல்லாம வரும். பீட்ரூட் சூப் பார்ஷ்ச் பார்க்கச் சைவமா தெரியும், ஆனா இறைச்சிச் சாறுல செஞ்சிருக்கலாம். கேட்டுக்கங்க.

பியெரோகி மட்டும் போதும்னா கார்ச்மாவுக்கே போக வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன். 'பார் ம்லெச்னி', அதாவது பால் கடைக்குப் போங்க. 1896-ல வார்சாவுல ஒரு நிலக்கிழார் பால், முட்டை, மாவுப் பண்டம்னு ஆரம்பிச்சது. கம்யூனிஸ்ட் ஆட்சியில தொழிலாளிங்களோட மலிவுச் சாப்பாட்டுக் கடையா நாடு முழுக்கப் பரவுச்சு. அங்க இறைச்சி இல்லாத பதார்த்தங்களுக்கு அரசு மானியம் இன்னைக்கும் உண்டு; அதனாலதான் விலை அவ்வளவு கம்மி. கவுன்ட்டர்ல காசு கட்டி, ரசீதை அடுப்படி ஜன்னல்ல நீட்டணும். சாப்பிட்டு முடிச்சுத் தட்டை நீங்களேதான் கொண்டுபோய் வைக்கணும். கூட ஒரு டம்ளர் கொம்போட் வாங்கிக்கங்க, பழம் வேகவச்ச தண்ணி. உபசரிப்பை மட்டும் எதிர்பார்க்காதீங்க.

[குளோசப்: மெனுவில் '100 கிராம்' என்ற வரி]

இப்ப காசு விஷயம். மீன், கொலோன்கா ரெண்டுக்கும் பல உணவகங்கள்ல 100 கிராமுக்குத்தான் விலை போட்டிருப்பாங்க. கொலோன்கான்னா எலும்போட வர்ற பன்றி முழங்கால். ஒரு கிலோ வரைக்கும்கூட இருக்கும். மலிவா இருக்கேன்னு சொல்லிட்டா, பில் பத்து மடங்கா வந்து நிக்கும். எடை எவ்வளவுன்னு முன்னாடியே கேளுங்க.

டிப்ஸ் 10 சதவீதம் போதும். ஆனா ரொக்கமா குடுக்கும்போது ஒரு விஷயத்துல கவனமா இருங்க. காசை நீட்டிக்கிட்டே 'ஜென்குயே'ன்னு நன்றி சொன்னீங்கன்னா, மீதியை நீயே வச்சுக்கோன்னு எடுத்துக்குவாங்க. 60 ஸ்வோட்டி (போலந்து நாணயம்) பில்லுக்கு 100 நோட்டை நீட்டி நன்றி சொன்னா, 40 போச்சு. மீதி கைக்கு வந்த பிறகு நன்றி சொல்லுங்க.