போர்ட்டோ: ஆறு முடியும் வரை நடங்கள்

அனைவருக்கும் வணக்கம். போர்ச்சுகல் போகிறவர்கள் லிஸ்பனில் நாலைந்து நாள் தங்குவார்கள். போர்ட்டோவுக்கு ஒரு பகலை ஒதுக்குவார்கள். ரிபெய்ரா துறையில் வண்ண வீடுகளுக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டு, எதிர்க்கரையில் ஒரு குவளை போர்ட் ஒயின் குடித்தால் ஊர் முடிந்தது என்று கணக்கு. ஆனால் டோரோ ஆறு அங்கிருந்து இன்னும் ஐந்து கிலோமீட்டர் போய்த்தான் அட்லாண்டிக்கில் கலக்கிறது. இந்த ஊரின் கதையில் முக்கியமான பகுதி அந்த ஐந்து கிலோமீட்டரில் இருக்கிறது. அதனால் இன்றைக்கு ஆற்றின் போக்கிலேயே போவோம்.

நடையை மேலேயிருந்து தொடங்குங்கள். 1886இல் திறந்த முதலாம் லூயிஸ் பாலத்துக்கு இரண்டு தளங்கள். மேல்தளத்தில் மெட்ரோ ரயில் போகிறது, ஓரமாக நாமும் போகலாம். பலர் இதை ஐஃபெல் கட்டியதாகச் சொல்வார்கள். வடிவமைத்தவர் தியோஃபில் செய்ரிக், ஐஃபெலின் முன்னாள் கூட்டாளி. ஐஃபெல் நிறுவனம் கட்டியது சற்று மேலே உள்ள மரியா பியா பாலம், 1877இல்.

பாலத்தைக் கடந்தால் காயா கரை. அங்கே செர்ரா டோ பிலார் மடாலயத்தின் முற்றத்தில் நின்றால் ஊர் முழுவதும் காலடியில் கிடக்கும். எல்லோரும் அதை அழகான காட்சிமுனை என்பார்கள். அழகுதான், ஆனால் பீரங்கி வைக்கவும் அதைவிட நல்ல இடம் கிடையாது. 1832-33இல் அண்ணனும் தம்பியும் அரியணைக்காக மோதிய போரில் போர்ட்டோ ஓராண்டு முற்றுகையில் கிடந்தது. மன்னர் மிகெலின் படை காயாவைப் பிடித்து வைத்திருந்தது. தென்கரையில் இந்தக் குன்று மட்டும் அவருடைய அண்ணன் பேத்ரோவின் தாராளவாதிகள் கையில் இருந்தது. பேத்ரோ வென்றார். தன்னோடு பட்டினி கிடந்த ஊருக்குத் தன் இதயத்தையே எழுதி வைத்துவிட்டு 1834இல் இறந்தார். உவமையாகச் சொல்லவில்லை. லாப்பா தேவாலயத்தில் அந்த இதயம் இன்றும் இருக்கிறது. அவர் பிரேசிலின் முதல் பேரரசரும்கூட என்பதால், பிரேசில் விடுதலையின் இருநூறாம் ஆண்டான 2022இல் அதைக் கடல் கடந்து அனுப்பி வைத்து, மறுபடி வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

கீழ்த்தளம் வழியாகத் திரும்பினால் ரிபெய்ராவில் ஒரு வெண்கலப் புடைப்புச் சிற்பத்தின் முன்னால் மெழுகுவர்த்திகள் எரியும். 1809 மார்ச் 29 அன்று பிரெஞ்சுப் படைக்கு அஞ்சி ஓடிய மக்கள், படகுகளைப் பிணைத்துப் போட்ட பாலத்தோடு ஆற்றில் விழுந்து செத்தார்கள். அவர்களுக்கான விளக்கு அது.

சரி, தோட்டங்களுக்கு வருவோம். விர்துதேஸ் தோட்டம் சரிவில் படிப்படியாக இறங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது ஒரு நாற்றுப் பண்ணை. அங்கே நிற்கும் உயர்ந்த கிங்கோ மரத்தைப் பார்க்காமல் வராதீர்கள். அங்கிருந்து மேற்கே, படிக மாளிகைத் (கிரிஸ்டல் பேலஸ்) தோட்டம். எமில் தாவித் என்ற ஜெர்மானியர் அமைத்தது. லிண்டன் மரச்சாலை, மயில்கள், வளைவுக்கு வளைவு ஆறு. ஆனால் மாளிகையைத் தேடாதீர்கள். 1865 உலகக் கண்காட்சிக்காக இரும்பும் கண்ணாடியுமாகக் கட்டியதை 1951இல் இடித்துவிட்டார்கள். எதற்கு? ரோலர் ஹாக்கி உலகப் போட்டிக்கு அரங்கம் வேண்டுமாம்! இது எனக்கு இன்னும் ஆறவில்லை. ஒரே ஆறுதல், அந்த அரங்கத்துக்கு ரோசா மோத்தாவின் பெயரை வைத்தார்கள். 1988 சோல் ஒலிம்பிக்கில் மாரத்தான் தங்கம் வென்றவர், ஆறு முடிகிற ஃபோஸ் பகுதியில் பிறந்தவர்.

நாமும் அங்கேதான் போகிறோம். கரையோரமாக அர்ராபிதா பாலத்தின் அடியில் போகும்போது ஒரு நிமிடம் அண்ணாந்து பாருங்கள். 270 மீட்டர் கான்கிரீட் வளைவு. 1963இல் திறந்தபோது உலகிலேயே நீளமானது. கால் வலித்தால் பழைய டிராம் ஒன்று பக்கத்திலேயே ஓடுகிறது, வெட்கப்படாமல் ஏறிக்கொள்ளலாம். அது பசேயு அலெக்ரே பூங்காவில் விடும். பனைகளுக்கு நடுவே 1910இல் கட்டிய பொதுக் கழிப்பறை ஒன்று அங்கே உண்டு. பூவேலை ஓடு பதித்து, பார்க்கவே போகலாம் போல இருக்கும். நம் நகராட்சிக்காரர்கள் யாராவது இங்கே இருந்தால் குறித்துக்கொள்ளவும்.

இப்போது ஆற்றின் வாய்க்கு வந்துவிட்டோம். வெளியே நீட்டிய தடுப்புச் சுவரின் முனையில் ஃபெல்கெய்ராஸ் கலங்கரை விளக்கம் நிற்கிறது. குளிர்காலத்தில் அலை அதன் தலைக்கு மேல் ஏறி விழும். அந்தச் சமயத்தில் சுவர்மேல் நடக்கவே கூடாது. இந்த முகத்துவாரத்தில் மணல்மேடும் பாறையும் சேர்ந்து கப்பல்களை விழுங்கிக்கொண்டே இருந்தன. 1852இல் ‘போர்ட்டோ’ என்ற பெயர் கொண்ட நீராவிக் கப்பலே இங்கே உடைந்து பலர் இறந்தார்கள். ஒயின் வணிகத்தில் கொழித்த ஊருக்குத் தன் ஆற்றின் வாசலை நம்ப முடியவில்லை. கடைசியில் 1884இல் தொடங்கி, வடக்கே திறந்த கடற்கரையில் லெய்ஷோயிஸ் என்ற செயற்கைத் துறைமுகத்தைக் கட்டினார்கள். பெருங்கப்பல்கள் அங்கே போய்விட்டன. ரிபெய்ராவில் நீங்கள் படம் எடுக்கும் அந்த அமைதியான துறை, வேலை இழந்த துறை.

மிச்ச நடை எளிது. கடலோரமாகவே போனால் கெய்ஜோ கோட்டை, அதை அடுத்து 83 ஹெக்டேர் நகரப் பூங்கா. மரநிழலிலிருந்து நேராக மணலில் கால் வைக்கலாம். இன்னும் வடக்கே மத்தோசின்யோஸில் தெருவிலேயே கரியடுப்பு வைத்து மத்தி சுடுவார்கள், பசியோடு போங்கள். திரும்புவதற்கு 500ஆம் எண் பேருந்து கடலோரமும் ஆற்றோரமுமாக ஊருக்குள் கொண்டுவந்து விடும். இடப்பக்க ஜன்னல் கிடைத்தால் பெரும்பாலும் கட்டடங்கள்தான் தெரியும். வலப்பக்கமாக உட்காருங்கள், கடலும் ஆறும் அந்தப் பக்கம்தான் வரும்.