வெண்டல் ஸ்காட்: ஜெயித்தவருக்குக் காட்டாத கொடி

(திரையில்: கறுப்பு வெள்ளைப் படம். மண் டிராக், புழுதி. 34 என்று எழுதிய ஷெவர்லே கார்.)

வணக்கம். 1963, டிசம்பர் 1. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலம், ஜாக்சன்வில் நகரம். கார் பந்தயம். அரை மைல் மண் டிராக்கில் 200 சுற்று ஓட வேண்டும். 25 சுற்று மிச்சம் இருக்கும்போது, பழுதாகித் தடுமாறிக்கொண்டிருந்த ரிச்சர்ட் பெட்டி என்ற ஓட்டுநரின் காரை 34ஆம் எண் கார் முந்துகிறது. அப்புறம் அதை யாரும் பிடிக்கவில்லை. 200 சுற்று முடிந்தது. ஆனால் ஜெயித்தவருக்குக் காட்டும் கட்டம் போட்ட கொடியைக் காணோம்! ஓட்டுநர் காரை நிறுத்தவில்லை. 201, 202 என்று ஓடிக்கொண்டே இருக்கிறார்.

கொடி விழுந்தது பக் பேக்கர் என்பவருக்கு. அவர் இரண்டு சுற்று பின்னால் இருந்தவர். கோப்பை அவர் கைக்குப் போனது, ஜெயித்தவருக்கு ஓர் அழகி கொடுக்கும் முத்தமும் அவருக்கே கிடைத்தது.

34ஆம் எண் காரில் இருந்தவர் வெண்டல் ஸ்காட். அந்தக் களத்தில் ஒரே கறுப்பினத்தவர்.

(திரையில்: வர்ஜீனியா வரைபடம், டான்வில் நகரம்.)

ஸ்காட் 1921இல் டான்வில்லில் பிறந்தார். டாக்ஸி ஓட்டினார், இரண்டாம் உலகப் போரில் ராணுவ மெக்கானிக்காக இருந்தார், திரும்பி வந்து பழுது பார்க்கும் பட்டறை வைத்தார். ராத்திரியில் வேறொரு தொழிலும் இருந்தது. கள்ளச்சாராயம் கடத்துவது.

இதைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். அமெரிக்காவின் நாஸ்கார் என்ற கார் பந்தயத்துக்கு விதை விழுந்ததே இந்தக் கடத்தல் கார்களில்தான். வெளியே பார்த்தால் சாதாரணக் குடும்பக் கார். உள்ளே இன்ஜினை முடுக்கி வைத்திருப்பார்கள். பின்னால் சாராயம் ஏற்றினால் கார் தாழ்ந்து காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் ஸ்பிரிங்கையும் கெட்டியாக்கி வைப்பார்கள். விளக்கில்லாத மலைப்பாதையில் போலீஸை ஏய்த்து ஓட்டிப் பழகியவனுக்கு வட்ட டிராக் பெரிய விஷயமா என்ன?

1952இல் டான்வில்லில் பந்தயம் நடத்தியவர்களுக்குக் கூட்டம் சேரவில்லை. ஒரு கறுப்பின ஓட்டுநரை இறக்கினால் வேடிக்கை பார்க்கவாவது ஆள் வருவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். வேகமாக ஓட்டுகிறவர் யார் என்று போலீஸிடமே கேட்டார்கள். போலீஸ் சொன்ன பெயர் ஸ்காட். துரத்தியவர்களே கொடுத்த நற்சான்றிதழ்!

வேடிக்கைப் பொருளாகக் கூப்பிட்டார்கள், அவரோ தங்கிவிட்டார். 1959இல் வர்ஜீனியாவில் சாம்பியன் பட்டம். 1961இல் நாஸ்காரின் உச்சப் பிரிவுக்கு வந்தபோது வயது 39. கார் கம்பெனிகளின் பணம் கிடையாது. பெரிய அணிகள் பயன்படுத்திய டயர், பழைய உதிரி பாகம், பந்தயத்தின் நடுவே டயர் மாற்றி எரிபொருள் போடும் ‘பிட்’டில் மகன்களே வேலையாட்கள். தெற்கு மாநிலங்களில் பல ஓட்டல்களில் இவர்களுக்கு அறையும் கிடையாது, சாப்பாடும் கிடையாது. ஜாக்சன்வில்லில் ஓட்டிய காரும் நெட் ஜாரட் என்ற இன்னொரு ஓட்டுநரிடம் வாங்கியதுதான்.

(திரையில்: பென்சில், கடிகாரம், எண்கள் நிரம்பிய அட்டை.)

சரி, இரண்டு சுற்று முன்னால் இருப்பவர் எப்படிக் கண்ணில் படாமல் போவார்? அன்றைக்கு எண்ணியது கணினி அல்ல, கை. ஒவ்வொரு காருக்கும் ஓர் ஆள் பென்சிலும் அட்டையுமாக உட்கார்ந்திருப்பார். தன் கார் கோட்டைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதுவார். புழுதியில் கார் எண் தெரியாது, ஒரு நொடி குனிந்தால் ஒரு சுற்று போய்விடும். அதனால் தவறு நடப்பதும், பிறகு அட்டைகளை ஒப்பிட்டு முடிவை மாற்றுவதும் புதிதில்லை.

அன்றும் அதுதான் நடந்தது என்றார்கள் அதிகாரிகள். பந்தயம் முடிந்து சுமார் இரண்டு மணி நேரம் கழித்து ஸ்காட்தான் ஜெயித்தார் என்று ஒப்புக்கொண்டார்கள். அதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. பரிசுப் பணம் மட்டும் கைக்கு வந்தது.

ஸ்காட் அதைத் தவறு என்று ஏற்கவில்லை. வெள்ளைக்கார அழகி ஒரு கறுப்பின ஓட்டுநருக்கு முத்தம் கொடுப்பதை ஆயிரக்கணக்கானோர் முன்னால் நடக்கவிட அவர்களுக்கு மனமில்லை என்பதுதான் அவர் எண்ணம். பொது இடங்களில் நிறவேறுபாட்டைத் தடை செய்த சட்டம் வர இன்னும் ஏழு மாதம் இருந்த காலம் அது. எனக்கும் அவர் சொல்வதே சரியாகப் படுகிறது. ஒரு சுற்று பிசகினால் பென்சிலைக் குறை சொல்லலாம். ஊரே பார்க்க முன்னணிக்கு வந்து 25 சுற்று ஓடியவரை எல்லோருமா மறந்துவிடுவார்கள்?

சில வாரம் கழித்து, மலிவான ஒரு சின்ன மரக் கோப்பையைக் கொடுத்தார்கள். அசல் வரவே இல்லை.

(திரையில்: எண்கள் மட்டும். 495. 147. 1.)

உச்சப் பிரிவில் ஸ்காட் ஓடியது 495 பந்தயம். முதல் பத்துக்குள் வந்தது 147 முறை. 1966இல் ஆண்டுப் புள்ளிப் பட்டியலில் ஆறாம் இடம். பழைய டயரில் ஓடியவருக்கு இது எவ்வளவு பெரிய இடம் என்று யோசித்துப் பாருங்கள். வெற்றி மட்டும் அந்த ஒன்றே ஒன்று.

1973இல் கடன் வாங்கி நல்ல கார் ஒன்றை வாங்கினார். அலபாமாவின் டலடேகா டிராக்கில் இருபதுக்கு மேற்பட்ட கார்கள் மோதிய விபத்தில் அந்தக் காரும் நொறுங்கியது, அவர் எலும்புகளும் நொறுங்கின. பந்தய வாழ்க்கை ஏறக்குறைய அதோடு சரி. 1990 டிசம்பரில் இறந்தார்.

நாஸ்கார் புகழ் மண்டபத்தில் 2015இல் இடம் கொடுத்தார்கள். கோப்பை? அசலுக்குப் பதிலாக ஒன்றை 2021 ஆகஸ்ட் 28 அன்று ஃப்ளோரிடாவின் டேடோனா டிராக்கில் அவர் குடும்பத்தின் கையில் கொடுத்தார்கள். மறுநாள் ஸ்காட்டின் நூறாவது பிறந்தநாள்.

அதே ஆண்டு அக்டோபரில், அதே டலடேகாவில், பபா வாலஸ் என்ற கறுப்பின ஓட்டுநர் ஜெயித்தார். உச்சப் பிரிவில் ஸ்காட்டுக்குப் பிறகு இது முதல் முறை. நடுவில் 58 ஆண்டு. பாதியில் நின்றுபோன பந்தயம் என்பதால் முடிவு அறிவிக்கும்வரை வாலஸும் காத்திருக்க வேண்டியிருந்தது. அவரைக் காக்க வைத்தது மழை.